லேசர் கண் சிகிச்சை: பயத்தை எங்கே வைப்பது

“லேசர் செய்துகொண்டால் பக்க விளைவு வருமா?” என்று கேட்டதும் “ஒன்றுமே வராது” என்று பதில் வரும் இடத்தில் கண்ணைக் கொடுக்காதீர்கள். வரும். எல்லாருக்குமே சில வாரம் வரும். சிலருக்குச் சில மாதம் நீடிக்கும். மிகச் சிலருக்குப் போகாமலே தங்கிவிடும். இந்த மூன்றையும் ‘பக்க விளைவு’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அதனால் கண்ணாடியைக் கழற்ற நினைப்பவர்களில் ஒரு சாரார் ஆண்டுக்கணக்கில் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். இன்னொரு சாரார் எதையும் விசாரிக்காமல் போய்ப் படுத்துவிடுகிறார்கள்.

பயப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பயம் பெரும்பாலும் லேசர் ஓடும் அரை நிமிடத்தின் மேல்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள், அதற்கு முந்தைய பரிசோதனைகளை வெறும் சடங்காகக் கடந்துபோகிறார்கள். தீங்கு வருமா வராதா என்பதில் பெரும்பகுதி அந்தப் பரிசோதனை அறையிலேயே முடிவாகிவிடுகிறது.

மேசையில் படுக்கும் பயத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். கண்ணை இமைத்துவிட்டால்? இமைக்க முடியாது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டபின், இரண்டு இமைகளையும் ஒரு கம்பிக் கவ்வி விலக்கிப் பிடித்திருக்கும். இமைக்க வேண்டும்போல் தோன்றும், இமை மூடாது. கண் அசைந்தால்? திசுவைச் சீவும் இப்போதைய எக்சைமர் லேசர் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சிறு புள்ளிகளாக, நொடிக்குச் சில நூறு முறை விழுகிறது. கருவி கண் பாப்பாவை விடாமல் கவனித்து, அசைவுக்கு ஏற்பப் புள்ளியை நகர்த்துகிறது. கண் எல்லை தாண்டிப் போனால் லேசர் தானே நின்றுவிடும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தும்மலோ இருமலோ வருவதுபோல் இருந்தால் வாய்விட்டுச் சொன்னால் போதும், நிறுத்திவிடுவார்கள்.

லேசர் உள்ளே இறங்கி நரம்பைச் சுட்டுவிடுமோ என்ற பயத்துக்கு இயற்பியலே பதில் சொல்கிறது. எக்சைமர் லேசரின் அலைநீளம் 193 நானோமீட்டர். இந்தப் புற ஊதாக் கதிரைத் திசு தன் மேற்பரப்பிலேயே முழுக்க உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதில் ஏறக்குறைய கால் பங்கு தடிமன்தான் ஆவியாகும். அடியில் உள்ள திசு வேகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசனும், அவருடன் ஐபிஎம் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரும் 1981-ல் கண்டுகொண்டது இந்தக் குணத்தைத்தான். சுற்றிலும் கருக்காமல் வெட்டக்கூடிய லேசர் என்பதால்தான் அது கண்ணுக்கே வந்தது. அறுவையின்போது முடி கருகுவதுபோல் ஒரு வாடை வரும். அது ஆவியான திசுவின் வாடை. கண் எரிகிறது என்று அர்த்தமில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லாசிக் முறையில் ஃபெம்டோ என்ற வேறொரு லேசர் கண்ணின் முன்படலத்தில் ஒரு மடலை வெட்டித் தர, எக்சைமர் அதன் அடியில் சீவும். ஸ்மைல் முறையில் ஃபெம்டோ மட்டுமே படலத்துக்குள் ஒரு மெல்லிய வில்லையை வெட்டும், அதை வெளியே எடுப்பார்கள். இந்த இரண்டிலும் ஃபெம்டோ லேசர் வேலை செய்யும் ஏறக்குறைய அரை நிமிடம், ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடித்திருக்கும். அழுத்தம் தெரியும், பார்வை மங்கும், சிலருக்குச் சில நொடி முழுக்க இருண்டுவிடும். இதை யாரும் சொல்லாமல் விட்டால் அந்த நொடியில் பதறித் தலையை இழுக்கத் தோன்றும். அப்படி இழுத்தால் பிடி விட்டுப்போகும். லாசிக்கில் பெரும்பாலும் மறுபடி பிடித்து முடித்துவிடலாம். ஸ்மைலில் வெட்டு ஓரளவு போனபின் பிடி விட்டால், அதைக் கைவிட்டு வேறு முறைக்கு மாற வேண்டிவரும். கண் விபரீதமாகிவிடாது, ஆனால் திட்டம் கலைந்துபோகும். பிடித்த இடத்தில் வெள்ளை விழியில் இரத்தச் சிவப்பாகத் திட்டு வரலாம். பார்க்கத்தான் பயமாக இருக்கும். இரண்டு வாரத்தில் தானே கரைந்துவிடும்.

கார்னியாவின் கணக்கு

இனி, உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம். கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலம்தான் கார்னியா. நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்வது என்பது இந்தத் தடிமனிலிருந்து நடுப்பகுதியைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்குவது. சீவியது திரும்ப வளராது. மிச்சமிருப்பதுதான் கண்ணின் உள் அழுத்தத்தை ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டும்.

எவ்வளவு சீவப்படும் என்பதை நீங்களே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். சரிசெய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மூன்றால் வகுங்கள். ஒரு டையாப்டருக்கு, அதாவது கண்ணாடிச் சீட்டில் உள்ள ஒவ்வொரு 1 பவருக்கும், அத்தனை மைக்ரான் போகும். வட்டம் 6 மி.மீ. என்றால் 12 மைக்ரான், 6.5 மி.மீ. என்றால் 14. கருவிகள் ஓரத்தைச் சரிவாக்கும்போது இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் எடுக்கும்.

தடிமன் 540, பவர் மைனஸ் 6, வட்டம் 6.5 என்று வைத்துக்கொள்வோம். லாசிக்கில் முதலில் மேல்பக்கம் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மடலை வெட்டி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் திறப்பார்கள். அடியில் 85 மைக்ரான் சீவப்படும். மடலைத் திரும்ப மூடினாலும் அது பழைய பலத்தோடு ஒட்டாது. அதனால் தாங்கும் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. 540-லிருந்து 195 போக மீதி 345. குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. கவனமுள்ள மருத்துவர்கள் 300-க்குக் கீழே போகத் தயங்குவார்கள். இதோடு இன்னொரு அளவும் உண்டு. மடலும் சீவியதும் சேர்ந்து மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொடக்கூடாது. இங்கே அது 36. இந்தக் கண் தேறிவிடுகிறது.

இன்னொரு கண்: தடிமன் 505, பவர் மைனஸ் 8. அதே வட்டத்தில் 113 மைக்ரான் சீவ வேண்டும், மடல் 110. மீதி 282. பழைய 250 விதிப்படி இது ‘செய்யலாம்’. ஆனால் போனது 44 சதவீதம். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு வழியும் தன் பங்குக்கு ஒன்றைக் கேட்கிறது. வட்டத்தை 6 மி.மீ. ஆகச் சுருக்கினால் 96 மைக்ரான் போதும். ஆனால் இருட்டில் பாப்பா அதைவிடப் பெரிதாக விரிந்தால் ஓரத்து ஒளி சிதறும். மடலே வேண்டாம் என்று, மேல்தோலை உரித்துவிட்டு நேரே சீவும் பிஆர்கே முறைக்குப் போனால், மேல்தோலின் 50 மைக்ரானோடு 113 மட்டும்தான். மீதி 342 நிற்கும். ஆனால் அதிகப் பவருக்கு அந்த முறையில் கார்னியா புகைபடிந்ததுபோல் மங்கும் வாய்ப்பு கூடும். அதைத் தடுக்க 0.02 சதவீத மைட்டோமைசின் மருந்தைச் சில நொடிகள் வைத்துக் கழுவ வேண்டியிருக்கும். அல்லது கார்னியாவைத் தொடாமல், கண்ணுக்குள் ஐசிஎல் லென்ஸ் வைப்பது. அதற்குக் கண்ணுக்குள்ளேயே நுழைய வேண்டும். அதன் ஆபத்துகள் வேறு.

“எனக்குப் பக்க விளைவு வருமா” என்ற கேள்வியின் உண்மையான வடிவம் இதுதான். உங்கள் தடிமன், பவர், பாப்பா அளவு இவை மூன்றும் தெரியாமல் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஊருக்கே பொதுவான சதவீதம் உங்கள் கண்ணுக்குப் பொருந்தாது.

தடிமனைவிட முக்கியமான ஒன்று வடிவம். சிலருக்குக் கார்னியா பிறவியிலேயே பலவீனமாக இருந்து, பதின்ம வயதிலிருந்து மெல்ல மெல்லக் கூம்புபோல் பிதுங்கும். கெரட்டோகோனஸ் என்பார்கள். ஆரம்பத்தில் அறிகுறி எதுவும் தெரியாது; கண்ணாடி போட்டால் பார்வை முழுதாக வரும். அந்தக் கண்ணில் போய்ச் சீவினால் பிதுக்கம் வேகமெடுக்கும். லாசிக்குக்குப் பின் வரும் இந்தப் பிதுக்கத்தை, அதாவது எக்டேசியாவை, 1998-ல் கண் மருத்துவர் தியோ சைலர் முதலில் விவரித்த பிறகுதான், பரிசோதனை இவ்வளவு கண்டிப்பாயிற்று. ஆயிரத்தில் ஒரு சிலர் என்ற அளவுக்குள் அடங்கும் விளைவு இது. ஆனாலும் லேசரின் எல்லா விளைவுகளிலும் நான் முதலில் வைப்பது இதைத்தான், ஏனென்றால் மாதங்கள், ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். போன வடிவம் முழுதாகத் திரும்பாது. ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் சேர்ந்த கிராஸ்லிங்கிங் சிகிச்சையால் பிதுக்கத்தை நிறுத்த முடியும். பழையபடி ஆக்க முடியாது.

இதைக் கண்டுபிடிப்பது கார்னியாவின் வண்ண வரைபடம். முன்பரப்பை மட்டும் படமெடுக்கும் பழைய டோபோகிராபி போதாது. பென்டகாம் போன்ற கருவிகள் பின்பரப்பின் மேடு பள்ளத்தையும் தடிமன் எப்படிக் குறைகிறது என்பதையும் சேர்த்துக் காட்டும்; பிதுக்கம் பலருக்குப் பின்பரப்பில்தான் தொடங்குகிறது. மேல்தோல் தடிமனை அளக்கும் ஓசிடி படமும் இருந்தால் இன்னும் நல்லது. பிதுங்கிய இடத்தின் மேல் மேல்தோல் மெலிந்து, மேட்டை வெளியே தெரியாமல் மறைத்துவிடும் என்பதுதான் காரணம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றிவைத்திருக்கும். அந்த நிலையில் எடுத்த படம் நல்ல கண்ணைச் சந்தேகக் கண்ணாகவும் காட்டலாம், சந்தேகக் கண்ணை நல்லதாகவும் காட்டலாம். பவரும் தவறாக வரும். மென்மையான லென்ஸ் என்றால் அளவெடுப்பதற்கு முன் இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் குறைந்தது நான்கு வாரம் கழற்றி வைக்க வேண்டும். “நேற்று வரை போட்டிருந்தேன்” என்று சொன்ன பிறகும் அன்றே அளந்து, அன்றே நாள் குறித்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது கூம்புக் கார்னியா உண்டா, கடந்த ஓராண்டில் பவர் அரை டையாப்டருக்கு மேல் மாறியதா, சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகிறதா என்று உங்களைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். 18 வயது நிரம்பியிருப்பது மட்டும் போதாது. பவர் நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பவரை இன்று வெட்டிச் சரிசெய்தாலும் நாளை அது மேலே போகும்.

வறட்சி

அதிகம் பேரைத் தொடும் விளைவுகளில் இது ஒன்று. மிகவும் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுகிற விளைவும் இதுவே. “கொஞ்சநாள் கண் வறண்டிருக்கும், சொட்டு மருந்து போடுங்கள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

உடம்பில் மிக நெருக்கமாக நரம்பு நுனிகள் உள்ள இடங்களில் ஒன்று கார்னியா. அது உலர்வதை அந்த நுனிகள் உணர்ந்துதான் கண்ணீரும் இமைப்பும் உண்டாகின்றன. லாசிக் மடல், கீல்போல் விட்டுவைக்கும் ஒரு பக்கம் தவிர, சுற்றிலும் அந்த நரம்புகளை அறுத்துவிடுகிறது. கண் உலர்கிறது என்ற செய்தி போகாது, கண்ணீர் குறையும், இமைப்பதும் குறையும். நரம்பு திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஸ்மைலில் 2 முதல் 4 மி.மீ. நீளமுள்ள ஒரு சிறு வெட்டு வழியாகத்தான் உள்ளே வெட்டிய அந்த வில்லை வெளியே வருகிறது. அதனால் அறுபடும் நரம்பு குறைவு. முதல் மாதங்களின் வறட்சியும் பொதுவாகக் குறைவு. வறட்சியே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பங்கேற்ற, லாசிக் பற்றிய ப்ரவுல் ஆய்வுகளின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. நோயாளிகள் தங்களுக்கு என்ன தெரிகிறது என்று தாங்களே பதிந்தது அந்த ஆய்வின் சிறப்பு. லாசிக்குக்கு முன் வறட்சி அறிகுறி இல்லாதவர்களில் 28 சதவீதம் பேர், மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே அறிகுறி இருந்த சிலருக்குக் குறைந்தும் இருந்தது. கான்டாக்ட் லென்ஸை விட்டது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

வறட்சி என்றால் எரிச்சல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணீர்ப் படலம்தான் ஒளி முதலில் படும் பரப்பு. அது உடைந்தால் பார்வையே ஏறி இறங்கும். காலையில் தெளிவாக இருந்த எழுத்து மாலையில் திரையில் மங்கும். இமைத்தால் ஒரு நொடி தெளியும், மறுபடி மங்கும். “லேசர் சரியாகச் செய்யவில்லை, பவர் மிச்சம் இருக்கிறது” என்று திரும்பி வருகிறவர்களில் கணிசமானவர்களுக்குச் சிக்கல் இந்தப் படலத்தில்தான். அதைச் சரிசெய்யாமல் பவரை அளந்து மறுபடி லேசர் செய்வது பெரிய தவறு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் உறுத்துகிறது, ஒத்துக்கொள்ளவில்லை என்பதாலேயே லேசரைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். லென்ஸ் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணமே பெரும்பாலும் வறட்சிதான். அதாவது வறட்சி அதிகமாகக்கூடியவர்களே அறுவைக்கு அதிகம் வந்து சேர்கிறார்கள். ஆகவே அறுவைக்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். கீழிமையில் மடித்துச் செருகும் ஷர்மர் தாள் ஐந்து நிமிடத்தில் 10 மி.மீ. நனைந்தால் போதுமானது; 5-க்குக் கீழ் என்றால் தெளிவான குறைபாடு. சாயம் விட்டபின் இமைக்காமல் பார்க்கும்போது படலம் 10 நொடிக்குள் உடைந்தால் அதுவும் சரியில்லை. இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால், வெதுவெதுப்பான ஒத்தடம் தினம் 10 நிமிடம், அதன்பின் விளிம்பை நோக்கி மெல்ல நீவுதல், தேவைப்பட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு என்று சில வாரங்கள் சிகிச்சை எடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பரப்பு தேறாவிட்டால் லேசரை விட்டுவிடுவதே சரி.

மிக அரிதாக, கண்ணில் வறட்சியே தெரியாமல் வலி மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். அறுந்த நரம்பு தவறாகச் செய்தி அனுப்பும் வலி இது. உடம்பில் ஏற்கெனவே நீண்டகால வலி நோய், உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இதைக் கண்ணோடு சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்து மறைக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயங்களில் ஒன்று இது.

இரவில் தெரியும் வட்டங்கள்

எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், விளக்கிலிருந்து நட்சத்திரம்போல் கதிர்கள், கூச்சம், எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து. ப்ரவுல் ஆய்வுகளில், முன்பு இப்படி எதுவும் இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேருக்கு மூன்றாம் மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக இருந்தது. இதை மட்டும் படித்தால் கைகால் நடுங்கும். ஆனால் அதே ஆய்வில், அன்றாட வேலையே கடினமாகும் அளவுக்கு ஓர் அறிகுறி இருந்ததாகச் சொன்னவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழ். கண்ணாடி போட்டிருந்த காலத்தில் வட்டம் தெரிந்த பலருக்கு அறுவைக்குப் பின் அது போயும் இருந்தது. இரண்டு எண்ணையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்பவர் உங்களைப் பயமுறுத்துகிறார், அல்லது விற்கிறார்.

முதல் வாரங்களில் வட்டம் தெரிவதற்குக் காரணம் கார்னியாவின் வீக்கம், அது வடியும். பிறகும் நின்றால் மூன்று காரணங்களைத் தேட வேண்டும்: மிச்சப் பவர், வறட்சி, சீவிய வட்டத்தின் வடிவம். முதல் இரண்டும் சரிசெய்யக்கூடியவை. மூன்றாவதுதான் சிக்கல். பவர் கூடக் கூடக் கார்னியாவின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் வளைவு வேறுபாடு கூடும். இருட்டில் விரிந்த பாப்பா வழியாக இரண்டும் சேர்ந்து நுழையும். முன்பெல்லாம் பாப்பா அளவையே முழுக் குற்றவாளியாக்கினார்கள். அகன்ற வட்டமும் சரிவான ஓரமும் வந்தபின் அது தனித்து முடிவு செய்வதில்லை. பவர் எவ்வளவு என்பதுதான் அதிகம் பேசுகிறது. ஆனாலும் இருட்டில் பாப்பா 7 மி.மீ.க்கு மேல் விரியும் ஒருவருக்கு மைனஸ் 8-ஐ 6 மி.மீ. வட்டத்தில் செய்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். இன்றிரவு கண்ணாடியோடு ஒரு தெருவிளக்கைப் பார்த்து, வட்டமோ கதிரோ தெரிகிறதா, எவ்வளவு என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அறுவைக்குப் பின் எது புதிது, எது முன்பே இருந்தது என்று பிரித்தறிய அது ஒன்றுதான் சாட்சி. இரவு முழுக்க வண்டி ஓட்டுவதே தொழில் என்றால், ஒரு சிறு குறைகூட உங்களுக்குப் பெரிதாகும். அந்த வாய்ப்பை முன்பே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின் முதல் நாட்கள்

லாசிக் முடிந்து நான்கைந்து மணி நேரம் கண் எரியும், நீராகக் கொட்டும். தூங்கிவிடுவதே நல்லது. மறுநாள் பார்வை வந்துவிடும். அதனாலேயே கவனம் குறைந்துவிடும். மடல் இன்னும் பிடித்திருக்காது. தூக்கத்தில் ஒருமுறை கசக்கினால் நகர்ந்து சுருங்கும். முதல் வாரம் இரவில் பிளாஸ்டிக் கவசம் கட்டுவது அதற்குத்தான். சுருக்கம் விழுந்தால் அன்றே தூக்கி நீவிவிடலாம். நாள் கடந்தால் அந்தச் சுருக்கம் அப்படியே தங்கிவிடும். முதல் சில நாளில் மடலுக்கு அடியில் மணல் தூவியதுபோல் அழற்சி சேரலாம். டிஎல்கே என்பார்கள். ஸ்டீராய்டு சொட்டை மணிக்கு மணி போட்டால் பெரும்பாலும் அடங்கும். முற்றினால் மடலைத் தூக்கிக் கழுவ வேண்டும். அடுத்த நாள் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

பிஆர்கேயில் கதை வேறு. மேல்தோலை உரித்துச் செய்வதால் இரண்டு மூன்று நாள் நல்ல வலி இருக்கும். புண்ணுக்குக் கட்டுப்போல் வைக்கும் ஒரு கான்டாக்ட் லென்ஸ் நான்கைந்து நாள் கண்ணில் இருக்கும். பார்வை கூர்மையாக ஒரு மாதம், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். ஆனால் நகர்வதற்கு மடல் இல்லை. கண்ணில் அடிபடக்கூடிய விளையாட்டோ வேலையோ உள்ளவர்களுக்கு மெதுவான இந்த முறைதான் பொருத்தம்.

ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெலிந்த கார்னியாவில் அழுத்தமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மடலுக்கு அடியில் நீர் கோத்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். ஒரு வாரத்துக்கும் பிறகு, அழற்சிபோலவே தோற்றமளிக்கும் மங்கல் வந்தால், ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் கார்னியாவின் ஓரத்திலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம்தான் காரணமென்றால், கூட்டும் ஒவ்வொரு சொட்டும் கேடு செய்யும்.

வலி குறையாமல் ஏறுவது, பார்வை முந்தைய நாளைவிட இறங்குவது, சிவப்பும் கூச்சமும் கூடுவது இவற்றில் எது வந்தாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும். தொற்று அரிது; ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றும்.

பவர் கொஞ்சம் மிஞ்சுவதும் உண்டு. மூன்று மாதமாவது நிலைத்தபின்தான் மறுமுறை பற்றிப் பேச வேண்டும். அதற்குத் தடிமன் மிச்சமிருக்க வேண்டும் என்பதையும் முதல் நாள் கணக்கிலேயே சேர்த்துப் பாருங்கள். பழைய மடலைத் தூக்கிச் செய்தால் மேல்தோல் செல்கள் அடியில் புகுந்து வளரும் வாய்ப்பு முதல்முறையைவிட அதிகம்.

லேசர் எதைத் தொடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதிக மைனஸ் பவர் உள்ள கண் நீண்ட கண். அதன் விழித்திரை ஓரத்தில் மெலிந்து கிழியும் ஆபத்து, கண்ணாடி கழன்ற பிறகும் அப்படியே இருக்கும். பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்ப்பது முன்பும் அவசியம், பின்பும் ஆண்டுதோறும் அவசியம். நாற்பதுக்கு மேல் கிட்டத்து எழுத்து மங்குவதையும் இது தடுக்காது. மைனஸ் 2 அல்லது 3 உள்ளவர் நாற்பத்தைந்து வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுலபமாகப் படிப்பார். லேசருக்குப் பின் அந்த வசதி போய், படிக்கக் கண்ணாடி போடுவார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் இன்னொன்றைக் கிட்டத்துக்கும் வைப்பது ஒரு வழி. அதை முதலில் சில நாள் கான்டாக்ட் லென்ஸில் ஒத்திகை பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பவரும் கண்ணீரும் அப்போது மாறும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். கடுமையாக வறட்டும் மருந்து அது. முடக்குவாதம், லூபஸ், ஷோகிரன் போன்ற, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கண்ணில் முன்பு வந்த ஹெர்பிஸ் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆறும் விதம் மாறும். அறுவை நாளில் வாசனைத் திரவியம் பூசக்கூடாது; அதன் ஆவி லேசரின் அளவைப் பாதிக்கலாம். கண் மை, இமை அலங்காரம் எதையும் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் மருத்துவர் “உங்கள் கண்ணுக்கு வேண்டாம்” என்றால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள், தவறில்லை. ஆனால் ‘சரி’ என்று சொல்பவர் கிடைக்கும் வரை ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்காதீர்கள். முதலில் வேண்டாம் என்றவர் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன சொல் அது.

செய்வதென்று முடிவானால், அறுவைக்கு முந்தைய பவர், கார்னியாவின் வளைவு எண்கள், தடிமன், வரைபடத்தின் நகல், செய்த முறை, மடலின் தடிமன், சீவிய மைக்ரான், கடைசியாக நிலைத்த பவர் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். தாளாகவும் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள் சீவிய கார்னியாவில் தவறும்; கண் அழுத்தம் பார்ப்பவரும் உங்கள் பழைய தடிமனைக் கேட்பார். அதற்குள் மருத்துவமனை இடம் மாறியிருக்கலாம், கோப்புகள் அழிக்கப்பட்டிருக்கலாம். உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த ஓர் உறைதான் அன்று கைகொடுக்கும்.